இறுக்கினால் போதாது... அளவோடு இறுக்கணும்! விவசாயி வண்டிக்கு ஒரு போல்ட் பராமரிப்புக் கையேடு

கீரைக்கட்டும் பால் கேனும் சுமக்கும் இருசக்கர வண்டியில் எந்த நட்டை எப்போது பார்க்க வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும், டார்க் ரென்ச் இல்லாதவர்கள் என்ன செய்யலாம்?

விடியற்காலை நாலு மணிக்குத் தாம்பரத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் நின்று பார்த்தால் தெரியும். படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் பக்கமிருந்து கீரைக்கட்டு, வெண்டை, கத்திரி மூட்டை, பால் கேன் என்று ஏற்றிக்கொண்டு மொபெட்டுகளும் பைக்குகளும் வந்துகொண்டே இருக்கும். முடிச்சூர் சாலையின் பள்ளங்களைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே ஓட்ட வேண்டும். சந்தையில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே வண்டியில் உர மூட்டை, தீவன மூட்டை. சாயங்காலம் அதே வண்டியில்தான் பிள்ளைகளும் வீட்டுக்காரம்மாவும்.

சிறு விவசாயிக்கு இன்றைக்கு உழவு மாடு இருக்கிறதோ இல்லையோ, இந்த வண்டி இருந்தாக வேண்டும். மாட்டுக்கு லாடம் தேய்ந்தால் பார்க்கிறோம், மூக்கணாங்கயிறு இற்றுப்போனால் மாற்றுகிறோம். வண்டிக்கு மட்டும் பெட்ரோல், ஆயில், காற்று என்ற மூன்றோடு கவனிப்பு நின்றுவிடுகிறது. நட்டும் போல்ட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. சத்தம் வந்தால்தான் குனிந்து பார்ப்போம். பின் சக்கர அச்சு நட் தளர்ந்தால் சில நேரம் சத்தம்கூட வராது. சங்கிலி இழுக்கும் பக்கத்துக்குச் சக்கரம் சாயும். சங்கிலி பல்லைவிட்டுக் கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும். பின்னால் லாரி வரும் சாலையில் அது நடந்தால் போவது சரக்கு மட்டும் அல்ல.

பெரிய செலவில்லாமல் இதைத் தடுக்க முடியும். அதற்கு முதலில், போல்ட் எப்படிப் பிடிக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

வைக்கோல் பாரத்துக் கயிறும் போல்ட்டும்

வைக்கோல் பாரம் ஏற்றியதும் குறுக்கே கயிறு போட்டு, கம்பு செருகி முறுக்கி இழுத்துக் கட்டுவோம். கயிறு விறைப்பாக இருக்கும்வரை பாரம் அசையாது. விறைப்பு போனால் முடிச்சு அவிழாமலேயே பாரம் சரியும். போல்ட்டும் அப்படித்தான். நட்டைத் திருகும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட போல்ட் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும் இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கிறது. மரை என்பது அந்த விறைப்பை உண்டாக்கும் வழி மட்டுமே.

நாம் ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கு விசை முழுவதும் இந்த விறைப்பாக மாறுவதில்லை. ஏறக்குறைய பாதி, நட்டின் அடிப்பக்கம் உராய்வதிலேயே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவிகிதம் மரைகளுக்கு இடையிலான உராய்வில் போகிறது. மிச்சம் 10 சதவிகிதம்தான் பிடிமானம். அதனால் துரு, மண், கிரீஸ், ஆயில் எது இருந்தாலும் கணக்கு மாறும். துருப்பிடித்த போல்ட் 'நல்லா டைட்டா இருக்கு' என்று கையை ஏமாற்றும். உள்ளே பிடிமானம் இருக்காது. ஆயில் தடவிய போல்ட் லேசாகத் திருகினாலே அதிகம் நீண்டுவிடும், அறுந்தும் போகலாம். மரையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மாட்டச் சொல்வது இதனால்தான். ஆயிலோ கிரீஸோ தடவச் சொல்லி வண்டிக் கையேட்டில் இருந்தால் மட்டும் தடவுங்கள்.

ஏன் தளர்கிறது?

அதிர்வு என்று எல்லோரும் சொல்வோம். எந்த மாதிரி அதிர்வு என்பதுதான் முக்கியம். ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர் 1969-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தெளிவாகக் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்குவாக்கில் பாகங்கள் இப்படியும் அப்படியும் நழுவும் அசைவுதான் நட்டைத் தானாகவே சுழற்றிக் கழற்றுகிறது. பிடிமானம் போதுமான அளவு இருந்தால் பாகங்கள் நழுவாது, நட்டும் கழலாது. குறைவாக இறுக்கிய நட்தான் முதலில் கழலும்.

நம் வண்டிகளில் இந்தக் குறுக்கு அசைவு எங்கே அதிகம்? பாரம் ஏற்றும் கேரியரில். அங்கே மூட்டை ஒவ்வொரு பள்ளத்திலும் பக்கவாட்டில் ஆடுகிறது. அடுத்து ஷாக் அப்சார்பரின் மேல், கீழ் போல்ட்டுகள். பிறகு இன்ஜினை சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள், சைலன்ஸர் நட்டுகள். கூடுதல் பாரத்துக்காகக் கேரியரை வெளியில் வெல்டிங் செய்து, ஷாக் அப்சார்பர் போல்ட்டிலேயே மாட்டியிருப்பவர்கள் இந்த இடத்தை இரட்டைக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் வாஷர் இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். குறுக்கு அதிர்வுச் சோதனைகளில் சாதாரண ஸ்பிரிங் வாஷர் பெரிதாக உதவுவதில்லை. உள்ளே நைலான் வளையம் உள்ள நட், ஸ்பிளிட் பின் போட்ட நட், மரையில் விடும் பூட்டுப் பசை ஆகியவை அதைவிட நம்பகமானவை.

புது வண்டியிலும் போல்ட் தளரும். பெயின்ட் பூச்சு, கேஸ்கெட், உலோகத்தின் சொரசொரப்பு எல்லாம் முதல் சில நூறு கிலோமீட்டரில் அமுங்கி உட்காரும். அந்த அளவுக்கு விறைப்பு குறையும். முதல் இலவச சர்வீஸைத் தள்ளிப்போடக்கூடாது என்பதற்கு ஆயில் மாற்றுவது மட்டும் காரணம் இல்லை.

அதிகம் இறுக்கினாலும் ஆபத்து

'கழலக்கூடாது' என்று ஸ்பேனரில் பைப் செருகி ஏறி மிதிப்பவர்கள் உண்டு. இன்ஜின் பெட்டி அலுமினியம். அதில் ஏறும் போல்ட் இரும்பு. அளவு தாண்டினால் அலுமினிய மரைதான் முதலில் பிய்த்துக்கொண்டு வரும். ஆயில் வடிக்கும் போல்ட்டில் மரை போவது பட்டறைகளில் அடிக்கடி பார்க்கும் சங்கதி. ஒரு போல்ட்டில் மிச்சம் பிடிக்காத உழைப்பு, கடைசியில் இன்ஜின் பெட்டிச் செலவாக வந்து நிற்கும். அளவு மீறி நீண்ட போல்ட் மறுபடி பழைய நிலைக்கு வராது. அன்றைக்கு அறுபடாமல், பாரத்தோடு போகும் இன்னொரு நாளில் அறுபடும்.

ஊட்டி வளர்த்த வண்டி, அளந்து இறுக்கிய நட்

கிராமத்துக்கு நன்கு பழகிய டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் ஓசூரில் இருந்து வந்தது. அதன் வழித்தோன்றலாக இன்றைக்கு ஓடும் எக்ஸ்.எல். 100-ல் 99.7 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். படப்பையைத் தாண்டினால் ஒரகடம். அங்கே ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை 2013 முதல் பைக் தயாரிக்கிறது. இப்படிப்பட்ட தொழிற்சாலைகளில் முக்கியமான போல்ட்டுகளைக் கைக்கணக்கில் இறுக்குவதில்லை. அளவு வைத்த கருவியால் இறுக்குகிறார்கள். வண்டி வெளியே வந்து முதல் பஞ்சர் ஆனதும் அந்த அளவு போய்விடுகிறது. அதற்குப் பிறகு எல்லாம் கை பழகிய கணக்குதான்.

அளந்து இறுக்கும் அந்தக் கருவிதான் டார்க் ரென்ச். இது பிறந்த கதை விவசாயிக்கு அந்நியமானது இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் நகரத் தண்ணீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர் 1918-ல் இதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். பூமிக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய்களின் ஃபிளான்ஜ் போல்ட்டுகளை ஆட்கள் அளவுக்கு மீறி இறுக்கிவிடுவதைத் தடுப்பதுதான் நோக்கம். மோட்டார் பம்ப் ஃபிளான்ஜில் ஒரு பக்கம் அதிகம் இறுக்கிக் காது உடைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இன்றைக்குப் பரவலாகக் கிடைப்பது 'க்ளிக்' வகை. கைப்பிடியைத் திருகி வேண்டிய அளவை வைத்துக்கொண்டு இறுக்கினால், அந்த அளவு வந்ததும் 'க்ளிக்' என்று தட்டும். அங்கேயே நிறுத்த வேண்டும். 'இன்னொரு தடவை' என்று மறுபடி இழுத்தால் அளவு கூடிவிடும். வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை:

* கைப்பிடியின் நடுவில் பிடித்து, நிதானமாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்கக்கூடாது. பைப் செருகக்கூடாது.
* நட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தக்கூடாது. கழற்றுவதற்குச் சாதாரண ஸ்பேனர்தான்.
* வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சக் கோட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும். ஏற்றியே வைத்தால் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்து, அளவு பொய் சொல்லும்.
* ஒரு கருவியின் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே அதன் அளவை நம்பக்கூடாது. 100 நியூட்டன் மீட்டர் கருவியால் சின்ன போல்ட்டுகளை இறுக்குவது, மூட்டைத் தராசில் மிளகு நிறுப்பது போல.
* ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 5,000 தடவை பயன்படுத்திய பிறகு, அளவு சரிபார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் தராசு போதும்!

டார்க் ரென்ச் இல்லாதவர்கள் வீட்டில் இருக்கும் தொங்கும் ஸ்பிரிங் தராசை வைத்தே அளவைப் பழகிக்கொள்ளலாம். முறுக்கு விசை என்பது இழுக்கும் எடையையும், போல்ட்டின் மையத்திலிருந்து இழுக்கும் இடம் வரையிலான தூரத்தையும் பெருக்கினால் வருவது. ஸ்பேனரில் போல்ட் மையத்திலிருந்து சரியாக 25 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கோடு போடுங்கள். அங்கே தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 10 கிலோ காட்டினால், நட்டில் விழுவது சுமார் 25 நியூட்டன் மீட்டர்.

தலையில் 8.8 என்று பொறித்த இரும்பு போல்ட், இரும்பு நட்டில் ஏறும்போது பொதுவான அளவு இது:

* 6 மில்லிமீட்டர் போல்ட்: சுமார் 10 நியூட்டன் மீட்டர். தராசில் 4 கிலோ.
* 8 மில்லிமீட்டர் போல்ட்: சுமார் 25 நியூட்டன் மீட்டர். தராசில் 10 கிலோ.
* 10 மில்லிமீட்டர் போல்ட்: சுமார் 49 நியூட்டன் மீட்டர். தராசில் 20 கிலோ.

இங்கே ஒரு குழப்பம் வரும். ஸ்பேனரில் எழுதியிருப்பது போல்ட் அளவு இல்லை. போல்ட் தலையின் அகலம். '10-ம் நம்பர் ஸ்பேனர்' போடும் போல்ட் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் போல்ட். 12 அல்லது 13-ம் நம்பர் போடுவது 8 மில்லிமீட்டர். 14 அல்லது 17 போடுவது 10 மில்லிமீட்டர். 10-ம் நம்பர் ஸ்பேனரை வைத்துக்கொண்டு 20 கிலோ இழுத்தால் போல்ட் கையோடு வரும்.

இந்த அளவுகள் பழகிக்கொள்வதற்குத்தான். அலுமினியத்தில் ஏறும் போல்ட், சக்கர அச்சு, பிரேக் ஆகியவற்றுக்கு வண்டியோடு கொடுத்த கையேட்டிலோ சர்வீஸ் சென்டரிலோ உள்ள அளவுதான் கணக்கு. எண் எதுவும் பொறிக்காத, ஹார்டுவேர் கடையில் வாங்கும் மலிவு போல்ட்டுக்கு மேலே சொன்னதில் பாதிகூடத் தாங்கும் வலு இருக்காது. பிரேக், அச்சு, ஷாக் அப்சார்பர் இடங்களில் அதைப் போடவே கூடாது.

நகப்பூச்சுக் கோடு

தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். விமானங்களில் முக்கியமான நட்டை அளந்து இறுக்கிய பிறகு, நட்டின் மேலும் பக்கத்து உலோகத்தின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு வண்ணக் கோடு போடுவார்கள். நட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அதையே நாம் நகப்பூச்சில் செய்யலாம். அச்சு நட், பிரேக் நட், ஷாக் அப்சார்பர் நட், கேரியர் போல்ட், இன்ஜின் போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை சரியான அளவில் இறுக்கி, துணியால் துடைத்து, பளிச்சென்ற நிறத்தில் கோடு போடுங்கள். அதற்குப் பிறகு தினமும் ஸ்பேனர் எடுக்க வேண்டியதில்லை. பால் கேன் ஏற்றும் முன் ஒரு சுற்று சுற்றிவந்து கோடுகளைப் பார்த்தால் போதும். ஒரு நிமிடம்கூட ஆகாது. கோடு உடைந்திருந்தால், இறுக்காமல் புறப்படக்கூடாது.

எந்த நாளில் எதைப் பார்ப்பது?

தினமும்: கோடுகள், டயர், இரண்டு பிரேக்குகள், சங்கிலித் தளர்வு.

வாரம் ஒருமுறை: வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். 'கடக்' என்று ஆடினால் அச்சு நட் அல்லது பேரிங். ஹேண்டில் பாரைப் பிடித்து முன்பிரேக்கை அழுத்தியபடி முன்னும் பின்னும் தள்ளுங்கள். தட்டுச் சத்தம் வந்தால் ஹேண்டில் தண்டு பேரிங் தளர்ந்திருக்கிறது. டிரம் பிரேக் வண்டிகள் பலவற்றில் பிரேக் தட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் கம்பி ஒன்று இருக்கும். அதன் நட்டும் ஸ்பிளிட் பின்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றால், பிரேக் பிடித்த நொடியில் தட்டே சுழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும்.

மாதம் ஒருமுறை: கேரியர், ஃபுட்ரெஸ்ட், சைலன்ஸர், இன்ஜின் போல்ட்டுகளை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

வேலை நடந்த பிறகு: பஞ்சர், சங்கிலி சரிசெய்தல், பிரேக் ஷூ மாற்றுதல் என எது நடந்தாலும், கடையைவிட்டுக் கிளம்பும் முன் அச்சு நட்டை உங்கள் கண்ணால் பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. கழற்றிய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடவேண்டாம். புதுசு சில ரூபாய்தான்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் மறந்திருக்காது. தண்ணீரில் நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யக்கூடாது. ஆயிலை வடித்து மாற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றது. அது ஓடத் தொடங்கியதும் பலர் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். சேற்றுத் தண்ணீர் அச்சுக்குள்ளும் ஹேண்டில் பேரிங்குக்குள்ளும் போயிருக்கும். சில மாதம் கழித்து அச்சு துருவில் ஒட்டிக்கொள்ளும். அப்போது நட்டை எவ்வளவு இறுக்கினாலும் விசை துருவோடு மல்லுக்கட்டுவதில் போய்விடும். சக்கரத்துக்குப் பிடிமானம் வராது. ஆகவே வெள்ளம் வடிந்ததும் இரண்டு அச்சுகளையும் உருவி, துடைத்து, தண்டில் கிரீஸ் தடவி, மரையைச் சுத்தம் செய்து மாட்டச் சொல்லுங்கள். துருவேறிய நட்டைக் கழற்ற, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் நெருப்புக் காட்டவே கூடாது.

வாசகர் கேள்விகள்

*ஆயில் வடிக்கும் போல்ட்டில் மரை போய்விட்டது. பசை வைத்து அடைக்கலாமா?*

வேண்டாம். சூடான ஆயிலும் அதிர்வும் சேர்ந்து பசையைத் தள்ளிவிடும். ஓடும்போது ஆயில் முழுவதும் இறங்கினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஒழுகும் ஆயில் பின் டயரில் பட்டால் வழுக்கும். பழைய மரையைக் கடைந்தெடுத்து, 'ஹெலிகாயில்' என்ற இரும்புச் சுருள் மரை பொருத்தித்தரும் பட்டறைகளும் லேத்துகளும் உண்டு. அதைச் செய்துகொண்டு, புது வாஷர் போட்டு, கையேட்டில் உள்ள அளவில் மட்டும் இறுக்கச் சொல்லுங்கள்.

*ஸ்பார்க் பிளக்கை எவ்வளவு இறுக்க வேண்டும்?*

இன்ஜின் ஆறியிருக்கும்போது, முதலில் கையாலேயே கடைசிவரை திருகுங்கள். ஸ்பேனரால் தொடங்கினால் மரை குறுக்கே ஏறிவிடும். வாஷருடன் கூடிய புது பிளக் என்றால் அதன் பிறகு சுமார் அரைச் சுற்று. ஏற்கெனவே போட்டிருந்த பழைய பிளக் என்றால் வாஷர் நசுங்கியிருக்கும். ஒரு சின்னத் திருப்பு போதும்.

*டார்க் ரென்ச் ஒன்று வாங்குவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகுமா?*

ஒரு வீட்டுக்குத் தனியாக அவசியம் இல்லை. தெளிப்பானைப் பகிர்ந்துகொள்வது போல, குழுவாகவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகவோ ஒன்று வாங்கி வைக்கலாம். பைக்கோடு பம்ப்செட், பவர் டில்லர் வேலைக்கும் ஆகும். பொறுப்பாக ஒருவர் கையில் இருக்க வேண்டும். கீழே போட்டு எடுத்தால் அளவு கெட்டுவிடும்.

*ரோட்டவேட்டர் கத்தி போல்ட்டுகள் அடிக்கடி கழன்று விழுகின்றன. என்ன செய்வது?*

ஒரு கத்திக்கு இரண்டு போல்ட் இருக்கும் இடத்தில் ஒன்று தளர்ந்தால், மற்றது தனியாக அடி வாங்கி அறுந்துவிடும். புதுக் கத்தி மாட்டியதும் முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். உட்காரும் இடத்தில் மண்ணும் பெயின்ட்டும் இல்லாமல் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். கம்பெனி சொன்ன தரத்திலுள்ள போல்ட்டையே போடுங்கள். டிராக்டர் சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலும் இதே விதிதான். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, இரண்டு மூன்று கட்டமாக இறுக்க வேண்டும். இந்த வேலைகளையெல்லாம் இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

*புல்வெட்டும் கருவியின் கத்தி நட் இறுக்க இறுக்கக் கழல்கிறதே?*

பெரும்பாலான புல்வெட்டிகளில் கத்தி நட்டுக்கு இடது மரை. வழக்கத்துக்கு மாறாக, இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். ஓடும்போது கத்தியின் சுழற்சி நட்டைக் கழற்றாமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். தேய்ந்த நட்டை மறுபடி போடாமல் புதிதாக மாற்றுங்கள்.

வண்டி, பம்ப்செட், பண்ணைக் கருவி பராமரிப்பில் உங்களுக்கு உள்ள சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள். வண்டியின் மாடல், வாங்கிய ஆண்டு, வழக்கமாக ஏற்றும் பாரம் ஆகியவற்றையும் குறிப்பிட்டால் பதில் சொல்ல உதவியாக இருக்கும்.